எரியாத நுரை

எங்கள் கொட்டகையின் பின்சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக் தொங்குகிறது. கைப்பிடி எப்போதோ உடைந்து, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டது. கட்டியவர் என் மச்சான், அக்காவின் கணவர். கடையில் புதிது தொங்கிக்கொண்டிருக்க இதைப் போய் யாராவது கட்டிக்கொண்டு உட்கார்வார்களா என்று கேட்டதற்கு, "இதோட வாய் வளைஞ்சிருக்கு மாப்ள. சாய்ச்சா தண்ணி கொட்டாது, வழியும். புதுசு கொட்டும்" என்றார். கொட்டுவதற்கும் வழிவதற்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடத்தில்தான் அவர் தன் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. மக்காம், வாயாம், வளைவாம் என்று முணுமுணுத்தபடி வண்டியை உதைத்திருப்பேன்.

கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற சாலையில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அந்தக் கொட்டகை. மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே சிமெண்டுத் தரை, சுவரோரம் வரிசையாக நீல டிரம்கள். தரை துடைக்கிற திரவம், பாத்திரம் விளக்குகிற திரவம், பியூட்டி பார்லர்களுக்குக் கேனில் போகிற ஷாம்பு, இவைதான் எங்கள் சோறு. கலக்குவது மச்சான், விற்பது நான். அவர் புதுக்கோட்டையில் வேதியியல் படித்துவிட்டு, புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஷாம்புக் கம்பெனியில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். நல்ல வேலை. விட்டுவிட்டு ஊருக்கு வந்து டிரம்மும் கலக்குகிற துடுப்புமாக உட்கார்ந்ததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சண்டை என்றார்கள், சொந்தத் தொழில் ஆசை என்றார்கள். காரணம் அக்காவின் தலை.

கல்யாணத்தின்போது அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே முடி. பூ வைத்துப் பின்னுவதற்கு இரண்டு பெண்கள் வேண்டும். கல்யாணமான கொஞ்ச நாளில் காதுக்குப் பின்னால் செதிலாக ஏதோ உதிரத் தொடங்கியது. பொடுகு என்று நினைத்தோம். அது உச்சி வரைக்கும் ஏறியது. வெள்ளி வெள்ளியாகச் செதில், அடியில் சிவந்த தோல், சீப்பு பட்டால் ரத்தம். சொரியாசிஸ் என்று பெரியாஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். ஒட்டாது என்றும் சொன்னார்கள். ஆனால் அந்த இரண்டாவது வார்த்தை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வரவில்லை. பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். விசேஷ வீட்டில் அக்கா எடுத்த சீப்பை யாரோ அடுப்பில் போட்டார்கள். அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட ஆரம்பித்தாள். பிறகு அந்த முந்தானை இறங்கவே இல்லை. சீயக்காய் வைத்தால் எரிந்தது. அரப்பு எரிந்தது. கடையில் விற்கிற எந்த ஷாம்பு போட்டாலும் எரிந்தது. வெறும் தண்ணீரில் குளித்தால் ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பின் பிசுக்கு போகாமல், அதுவே புண்ணாகி, இன்னும் எரிந்தது. தலைக்குக் குளிப்பதென்றாலே முகம் வெளுத்துவிடும். மருந்து தன் வேலையைப் பார்க்கும், தலையை மட்டும் எரியாத ஏதாவது போட்டு அலசுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எரியாதது எது என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத்தான் மச்சான் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். "கொணப்படுத்த நான் யாரு மாப்ள? எரியாம இருந்தாப் போதும்" என்பார். அதற்கு மேல் அவர் எதையும் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஷாம்பு என்பது, ஒளித்து வைக்காமல் சொன்னால், தண்ணீரும் நுரைச் சரக்கும்தான். மணமும் நிறமும் மேல்பூச்சு. நுரைச் சரக்குகளில் எல்லோரும் போடுவது லாரெத் என்று நாங்கள் சொல்கிற ஒரு வெண்பசை. டிரம்மிலிருந்து அள்ளினால் பாகு போல இழுக்கும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. நுரையை அள்ளிக் கொடுக்கும், அழுக்கைப் பிடுங்கி எறியும், கூடவே தோலின் எண்ணெயையும் பிடுங்கிக்கொண்டு போகும். இன்னொன்று தேங்காயெண்ணெயிலிருந்து வருகிற பீட்டைன், மஞ்சளாகத் தெளிந்த திரவம். மூன்றாவது சர்க்கரையிலிருந்து எடுக்கிற குளுக்கோசைடு. அது குளிரில் உறைந்துபோகும், வெந்நீரில் வைத்து இளக்க வேண்டும். லாரெத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் எரிச்சல் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிளகாயைக் குறைத்தால் காரம் குறைவது போல. அது அப்படி இல்லை. லாரெத்தை அதே அளவில் வைத்துக்கொண்டு அதோடு பீட்டைனைச் சேர்த்தாலே எரிச்சல் இறங்குகிறது. மொத்தச் சரக்கு கூடுகிறது, கடி குறைகிறது. எனக்கு அது கண்கட்டு வித்தையாக இருந்தது. துடுப்பை நுரை எழும்பாமல் மெல்ல மெல்லச் சுழற்றியபடி மச்சான் சொன்னார்: "இதெல்லாம் தண்ணிக்குள்ள கூட்டங்கூட்டமாத்தான் நிக்கும் மாப்ள. கூட்டத்துல இருக்குறது தோலை ஒண்ணும் பண்ணாது. கூட்டத்துல எடம் கெடைக்காம தனியாத் திரியுது பாரு, அதுதான் தோலுக்குள்ள எறங்கிக் கடிக்கும். பீட்டைனைப் போட்டா எல்லாத்துக்கும் எடம் கெடைச்சிருது. தனியாத் திரிய ஆளில்ல." சொல்லிவிட்டுத் துடுப்பின் நுனியில் தொங்கிய சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகத் திரிவதுதான் கடிக்கும். அவர் போன பிறகு இந்த வாக்கியம் என்னை விட்டபாடில்லை. வண்டி ஓட்டும்போது வருகிறது, கடைவாசலில் நிற்கும்போது வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்குத் தலைக்கு ஊற்றுகிற நாள். வியாழன் சாயங்காலமே மச்சான் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொள்வார், வெட்டிய நகத்தைத் தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்துக்கொள்வார். அக்கா தானே தேய்த்துக்கொண்டால் அரிப்பில் கை நிற்காமல் கீறிவிடும் என்பதால் அவரே அலசிவிடுவது என்று ஆனது. கொட்டகைக்குப் பின்னால், வேப்பமரத்து நிழல் விழுகிற சிமெண்டுத் தரையில் ஒரு முக்காலி. அக்கா அதில் உட்கார்ந்து முந்தானையை இறக்குவாள். உலகத்தில் அந்த ஒரே இடத்தில்தான் இறக்குவாள். மச்சான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சை மக்கில் தண்ணீர் மொண்டு, உள்ளங்கையில் அந்த வாரத்துக் கலவையை ஊற்றி, மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவார். சாலையில் டிவிஎஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னய்யா, காலங்காத்தால பொண்டாட்டிக்கு அபிஷேகமா?" என்று ஒருத்தர் வண்டியை நிறுத்தியே கேட்டார். மச்சான் திரும்பக்கூட இல்லை. "ஆமாய்யா. நின்னு தீர்த்தம் வாங்கிட்டுப் போ. ஒன் வழுக்கைக்கும் நல்லது." அக்கா நுரைக்குள் சிரித்தாள். முக்காடு போட்ட பிறகு அக்கா சத்தம் விட்டுச் சிரித்து நான் கேட்டதெல்லாம் அந்த முக்காலியில்தான்.

"எரியுதா புள்ள?" என்று கேட்பார்.

"இல்லங்க" என்பாள் அக்கா. எரிந்தாலும் அதைத்தான் சொல்வாள். வேலையை விட்டுவிட்டு வந்து தனக்காக டிரம்மைக் கிண்டுகிற மனுசனிடம் எரிகிறது என்று எந்த வாயால் சொல்வாள்? அதனால் மச்சான் அவள் வாயை நம்புவதை விட்டுவிட்டார். கண்ணையும் நம்பவில்லை, அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருப்பாள். அவர் கண்டுபிடித்தது அக்காவின் வலதுகால் கட்டைவிரலை. எரியும்போது அந்த விரல் மடங்கிச் சிமெண்டுத் தரையை அழுத்தும். அக்காவுக்கே அது தெரியாது. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினால் அந்தக் கலவை கீழே கொட்டப்படும். லேசாக மடங்கினால் அடுத்த வாரம் பீட்டைன் கூடும், புளிப்புக்குச் சேர்க்கிற எலுமிச்சை உப்பின் அளவு மாறும், மணம் அறவே போகும். என்னிடம் ஒரு நாள் ரகசியம் போலச் சொன்னார்: "ஒங்க அக்காகிட்ட சொல்லிராத மாப்ள. தெரிஞ்சா அந்த வெரலையும் பொய் சொல்லப் பழக்கிருவா."

பல வெள்ளிக்கிழமைகள் போயின. அந்த விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வந்ததை நானும் பார்த்தேன். ஒரு தை மாதத்துக் காலையில், மச்சான் நுரையை அலசி முடித்துத் துண்டைப் போர்த்துகிற வரைக்கும் விரல் ஐந்தும் ஈரச் சிமெண்டின்மேல், உறங்குகிற குழந்தையின் கை போல விரிந்தே கிடந்தன. மச்சான் மக்கைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "என்னங்க ஆச்சு?" என்று அக்கா துண்டுக்குள்ளிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல, சோப்பு கண்ணுல பட்டுருச்சு" என்றார். அந்தக் கலவை கண்ணில் பட்டாலும் எரியாது. மூன்று பேருக்கும் அது தெரியும்.

அதை விற்றுவிடலாம் என்று நான்தான் துள்ளினேன். இப்படி ஒரு சரக்கு இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு போனேன். கீரனூரில் ஒரு பார்லர் அக்கா உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏந்தம்பி, ஷாம்பைக் கொண்டாரச் சொன்னா கழுவுன தண்ணியக் கொண்டாந்திருக்கீங்க?" கெட்டியாக இல்லை, நுரை பொங்கவில்லை. கெட்டி இல்லாததை நம் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். பாலானாலும் குழம்பானாலும் நீர்த்திருந்தால் ஏமாற்று வேலை. திரும்பி வந்து மச்சானிடம் குமுறினேன். கெட்டியாக்குவதற்கு எங்கள் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. சாப்பாட்டு உப்புதான். கரைத்து ஊற்ற ஊற்ற ஷாம்பு தேனாக இறுகும். இந்தக் கலவையோ லேசில் இறுகவில்லை. எனக்காக மச்சான் லாரெத்தைக் கூட்டி, உப்பையும் ஏற்றினார். இறுகியது. இன்னும் கொஞ்சம் மச்சான் என்றேன். இன்னும் கொஞ்சம் போட்டார். கண்ணெதிரே மொத்த டிரம்மும் தளர்ந்து, நீர்த்து, தண்ணீராகச் சளசளத்தது. "உப்பு ஒரு அளவுக்குத்தான் மாப்ள இறுக்கிப் பிடிக்கும். அதுக்கு மேல போனா பிடியெல்லாம் அத்துப்போயிரும்" என்றார். மறுபடி அளவாகப் போட்டுக் கெட்டியாக ஒன்று செய்தார். கடைக்காரர்கள் பார்த்தால் சொக்கிப்போகிற அழகு. வெள்ளிக்கிழமை வந்தது. "எரியுதா?" "இல்லங்க." கட்டைவிரல் தரையைக் குத்தி நின்றது.

மச்சான் நுரையை அலசிவிட்டு வந்து, அந்தக் கெட்டிச் சரக்கைப் பாத்திரம் விளக்குகிற திரவத்தோடு கலந்துவிட்டார். "இனிமே இதைக் கடைக்குக் கொண்டுபோகாத. இது ஒரு தலைக்குத்தான்" என்றார். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒரு சின்ன வாளி அளவுக்கு, தண்ணீராய், நிறமில்லாமல், மணமில்லாமல், பெயரில்லாமல் அது எங்கள் கொட்டகையில் பிறந்துகொண்டிருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்திக்காகச் செய்யப்படுகிற ஷாம்பு. ராணிகளுக்குக்கூட அப்படி ஒன்று இருந்திருக்குமா, தெரியாது.

ஒரு மாசி மாதக் காலையில், கீரனூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சான், கையிலிருந்த கிளாஸோடு பக்கத்தில் சாய்ந்தார். அவ்வளவுதான். கிளாஸ் உடையக்கூட இல்லை என்று டீக்கடைக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், அதில் ஏதோ ஆறுதல் இருப்பதைப் போல.

அக்கா அழவில்லை. ஒப்பாரிக்குப் பெண்கள் கூடி மாரடித்தபோதும் தூணில் தலையைச் சாய்த்து, முக்காட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கருமாதி வந்தது. எங்கள் பக்கத்தில் கருமாதியன்று காலையில் தாலியறுத்தவளை ஊருணிக்கரைக்கு அழைத்துப்போய், உறவுக்காரப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைத்து முழுக்காட்டுவார்கள். முதல் எண்ணெய், முதல் சீயக்காய் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும், கோடிச் சேலையோடு. அப்பாவும் அம்மாவும் இல்லாத அக்காவுக்குப் பிறந்த வீடு என்பது நான்தான். நான் தாம்பாளத்தில் கோடிச் சேலையை வைத்தேன், எண்ணெய்க் கிண்ணம் வைத்தேன், சீயக்காய் இருக்க வேண்டிய இடத்தில் மச்சான் கடைசியாகக் கலக்கி வைத்த பாட்டிலை வைத்தேன்.

மச்சானின் சின்னம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். நாக்கு நீளமான மனுசி, மனசு கெட்டதில்லை. "என்னப்பா இது? சீயக்கா எங்க? பார்லருக்குப் போற பொண்ணுக்குக் கொண்டாந்த மாதிரி பாட்டிலக் கொண்டாந்திருக்க?"

"சீயக்கா அக்காவுக்கு எரியும் அத்தே. மச்சான் செஞ்சது இது. இதையே வச்சு விடுங்க."

"அவன் செஞ்சதையே வச்சு அவனுக்கே தலை முழுகுறதா? நல்ல கூத்தா இருக்கே! நாளைக்கு ஊரு பேசுனா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு நாள்தானப்பா. ஒரு சிட்டிகை. பேருக்கு வச்சாப் போதும்."

பேருக்கு ஒரு சிட்டிகை. வைக்கப்போகிறவர்கள் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. நான் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"வைங்கத்தே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "விடுடா தம்பி. எரியட்டும். எரிஞ்சாத்தான் அவரு இல்லன்னு தலைக்குத் தெரியும்."

ஆண்கள் கரைமேலேயே நின்றுவிட வேண்டும். பெண்கள் அக்காவைப் படியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். சேலைகளுக்கு நடுவே எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய கால்கள்தான். கை மாற்றிக் கை எண்ணெய் வைத்தது, கை மாற்றிக் கை சீயக்காய் வைத்தது. பழுப்புத் தண்ணீர் படிகளில் இறங்கி வந்து அந்தக் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மடங்கும், இப்போது மடங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது மடங்கவில்லை. பிளந்து கிடந்த தோலில் அத்தனை சீயக்காய் இறங்கியும், தை மாதத்துக் காலையில் கிடந்ததைப் போலவே ஐந்து விரல்களும் விரிந்து கிடந்தன. எனக்கு அது நிம்மதியாக இல்லை. ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அதற்கப்புறம் அவள் தலைக்கு எதையும் வைக்கவில்லை. களிம்பு பூசுவதையும் நிறுத்தினாள். புண் நெற்றி வரைக்கும் இறங்கியது. "மொட்டையடிச்சிரு ஆத்தா, நிம்மதியாப் போயிரும்" என்று அந்தச் சின்னம்மாவே அழுதுகொண்டு சொன்னார். நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். மச்சானின் கலவை ஒன்றும் புதையல் இல்லை. அளவெல்லாம் எனக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். மாதாமாதம் துடுப்பைச் சுழற்றி, நிறம் மாறுகிற தாளை நனைத்துப் புளிப்புப் பார்த்து, பாட்டிலில் ஊற்றி அவள் வீட்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவை மூடி திருகப்படாமல் வரிசையாக நின்றன. ஜன்னல் வழியாக வருகிற வெயில் ஒவ்வொரு பாட்டிலையும் தாண்டித் தரையில் விழும்.   "சாப்ட்டியாடா?" என்பாள். "சாப்ட்டேன்க்கா" என்பேன். சாப்பிட்டிருக்க மாட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கொட்டகையில் டிரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா. வேப்பமரத்து நிழலில், அதே இடத்தில், முக்காட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜன்னல் திட்டுப் பாட்டில்களில் கடைசியாக வைத்தது. என் பக்கம் திரும்பாமலே, "ஊத்துறியாடா?" என்றாள்.

நான் நகம் வெட்டியிருக்கவில்லை. உள்ளே ஓடிப்போய் வெட்டினேன்.  ஆணியிலிருந்து பச்சை மக்கை எடுத்தேன், செம்புக் கம்பி களிம்பேறிப் பச்சையாகியிருந்தது. மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. எரியாது. உப்பில்லை, மணமில்லை, அளவு பிசகவில்லை, அவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் தாளில் ஒரு நிறம்கூட மாறவில்லை. தலையில் வைத்து, விரலின் சதைப்பக்கத்தால் மட்டும், மெல்லத் தொட்டேன். அந்தத் தலை இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. சாலையில் ஒரு டிவிஎஸ் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"எரியுதாக்கா?"

"இல்லடா."

கீழே பார்த்தேன். வலதுகால் கட்டைவிரல் மடங்கிச் சிமெண்டை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது.

கலவையைக் கீழே கொட்டவா? எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?  மக்கில் தண்ணீர் மொண்டு அவள் உச்சிக்கு மேலே மெதுவாகச் சாய்த்தேன். அது கொட்டவில்லை. வழிந்தது.